மலையில் கரப்பான் தொல்லை: அடுக்குமாடிவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்பு வேலைகளைக் கவனித்துக்கொள்கிறேன். கரப்பான் பூச்சி பற்றி எங்கள் கட்டடத்தில் கேட்கிற சந்தேகங்களைத்தான் ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலில் இருக்கும் உறவினர்களும் போனில் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பலருக்கும் பயன்படும் என்று தொகுத்திருக்கிறேன். கரப்பான் வகைகளைப் பற்றிய இரண்டாவது பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற பதில்கள் எல்லாம் அதை வைத்துத்தான்.

இந்தக் குளிர்ல கரப்பான் எப்படிங்க பொழைக்குது? அதெல்லாம் கீழதானே இருக்கும்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850 மீட்டர். ஜனவரியில் வெளியே உறைபனி விழுகிறது. ஆனால் அதே இரவில் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் பக்கத்திலும், கீசரின் மேலேயும், இன்வெர்ட்டர் வைத்த அலமாரியிலும், நாள் முழுக்க ஓடும் வைஃபை பெட்டிக்குள்ளும் கதகதப்பாகவே இருக்கிறது. கரப்பானுக்கு அந்தச் சில அங்குல இடம் போதும். அறை எவ்வளவு சில்லிட்டிருந்தாலும் அது அங்கே பதுங்கிக்கொண்டு, இரவில் சமையல் மேடைக்கு மட்டும் வந்து போகும்.

குளிரால் அதன் வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். கீழே கோயம்புத்தூர் வெயிலில் முட்டை பொரிந்து வளர்ந்து அடுத்த முட்டைக்குத் தயாராக இரண்டு மாதம் போல ஆகிறது என்றால், இங்கே சூடில்லாத மூலையில் பல மாதம் இழுக்கும். அதனால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தொல்லை ஓய்ந்ததுபோல் தெரியும். ஏப்ரல், மே சீசனில் விருந்தாளிகள் வந்து நிறையும் நேரம் பார்த்துப் பெருகும். என்னைக் கேட்டால் ஒழிப்பு வேலையைக் குளிர்காலத்தில்தான் தொடங்க வேண்டும். அப்போது எண்ணிக்கையும் குறைவு, இருப்பதும் ஒரு சில சூடான இடங்களில் திரண்டிருக்கும்.

எங்க வீட்ல இருக்கிறது சின்னதா வெளிர் பழுப்பா இருக்கு. பாத்ரூம்ல பெருசா ஒண்ணு வருது. ரெண்டும் ஒண்ணுதானா? சின்னது பெருசோட குட்டியா?

இரண்டும் வேறு வேறு. சின்னது ஜெர்மன் கரப்பான். வளர்ந்த பிறகும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. வெளிர் பழுப்பாக இருக்கும், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் தெரியும். இறக்கை இருந்தும் பறக்காது. அடுக்குமாடிகளை உண்மையில் ஆட்டிப்படைப்பது இதுதான். ஒரு முட்டைக்கூட்டில் முப்பது நாற்பது முட்டை இருக்கும். பொரியும் நேரம் வரை தாய் அதைத் தன் உடம்போடேயே சுமந்து திரிவதால் நாம் பெருக்கித் துடைத்தாலும் முட்டை தப்பிவிடுகிறது.

இது காட்டிலும் இல்லை, தேயிலைத் தோட்டத்திலும் இல்லை. மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்குள்தான் வாழும். 2024-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வின்படி, இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கத்தில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து நம்மோடு ஒட்டிக்கொண்டது. ஆக உங்கள் வீட்டுக்கு இது வந்திருந்தால் ஏதோ ஒரு சாமானோடு வந்திருக்கும், இல்லையென்றால் ஒட்டிய வீட்டிலிருந்து வந்திருக்கும்.

பெரியது அமெரிக்கக் கரப்பான். நான்கு சென்டிமீட்டர் வரை வளரும், செம்பழுப்பு நிறம். செப்டிக் டேங்க், சாக்கடை, மாடிகளின் ஊடே குழாய்கள் போகும் சந்தான குழாய் டக்ட் இவைதான் அதன் இருப்பிடம். வீட்டுக்குள் வழி தவறி வருகிறது, அல்லது தண்ணீர் தேடி வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் கடையில் மருந்து வாங்கினால் காசுதான் வீண்.

நாங்க வீட்டைச் சுத்தமாத்தான் வச்சிருக்கோம். அப்புறம் எப்படி வந்துச்சு?

சுத்தமான வீட்டுக்கும் வரும். கூச்சப்பட ஒன்றுமில்லை. கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மறைப்பதால்தான் கட்டடம் முழுக்கப் பரவுகிறது. மளிகைச் சாமானும் பார்சலும் மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ அட்டைப்பெட்டியில் ஏறி வருகின்றன. அட்டையின் அலைமடிப்புகளுக்குள் ஜெர்மன் கரப்பான் சுகமாக உட்கார்ந்து வரும். முட்டை அட்டை, வெங்காய மூட்டை, பழைய ஃபிரிட்ஜ், பழைய மிக்ஸி, வீடு மாறும்போது வந்த பெட்டிகள் எல்லாமே வழிதான். பெட்டியை வாசலிலேயே பிரித்துச் சாமானை மட்டும் உள்ளே எடுங்கள். அட்டையை அன்றைக்கே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அட்டையை விரித்துத் தரையில் போடும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. அது வேண்டவே வேண்டாம்.

இன்னொரு வழி சுவர். வளர்ந்த ஜெர்மன் கரப்பானுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் போதும், குஞ்சுகளுக்கு அதிலும் குறைவு. சிங்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை, சுவிட்ச் போர்டின் பின்பக்கம், பழைய பங்களாவைப் பிரித்துக் கட்டிய வீடுகளில் பலகை சீலிங்கின் இடைவெளி, இவையெல்லாம் பக்கத்து வீட்டுக்கு அது போய்வரும் பாதைகள்.

ஸ்பிரே அடிச்சா அன்னிக்கே செத்து விழுது. பத்து நாள்ல மறுபடி வருதே, ஏன்?

ஸ்பிரே பட்டது செத்தது. ஆனால் எந்த நேரத்திலும் வெளியே நடமாடுவது மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். மீதியெல்லாம் இடுக்கில் இருக்கும், முட்டைக்கூட்டை ஸ்பிரே தொடாது. அதோடு கடைகளில் கிடைக்கும் ஸ்பிரேக்கள் பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிமருந்து வகை. அந்த வாடை கரப்பானை விரட்டும். விரட்டினால் அது எங்கே போகும்? டக்ட் வழியாக மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போகும். அவர்கள் அடித்தால் மறுபடி உங்களிடம் வரும். பல ஊர்களின் ஜெர்மன் கரப்பான்கள் இந்த வகை மருந்துகளுக்குப் பழகியும்விட்டன.

தரையில் கோடு போடும் மருந்து சாக்பீஸும் பெரும்பாலும் இதே வகைதான். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் தொடவே கூடாது. கண்முன் ஓடும் ஒன்றைக் கொல்ல வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். மூச்சுத் துளைகள் அடைபட்டு அது செத்துவிடும்.

அப்போ என்னதான் பண்றது? ஜெல்லுன்னு சொல்றாங்களே, அதை எங்க வைக்கணும்?

ஜெர்மன் கரப்பானுக்கு ஜெல்தான் முதல் ஆயுதம். இங்கே பரவலாகக் கிடைப்பவை ஃபிப்ரோனில் 0.05 சதவீதமும் இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதமும் உள்ள ஜெல்கள். இரையோடு கலந்த விஷம் என்பதால் தின்ற பூச்சி இடுக்குக்குப் போய்ச் செத்துவிடும். அதன் கழிவையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். நாம் கையை நீட்ட முடியாத இடத்துக்கு மருந்தை அதுவே சுமந்து போகிறது. ஸ்பிரேயால் இது முடியாது.

தீக்குச்சித் தலை அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டாகப் பல இடங்களில் வையுங்கள். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைத்தால் பயனில்லை. கப்போர்டின் கீல் மூலைகள், டிராயரின் அடிப்பக்கம், சிங்குக்குக் கீழே குழாய் நுழையும் இடம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், அடுப்பு மேடையின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் வைக்கலாம். நேரடியாகச் சூடேறும் பரப்பில் வைத்தால் காய்ந்துவிடும், பக்கத்தில் வையுங்கள். முக்கியமான விஷயம், ஜெல் வைத்த இடத்தைச் சுற்றி ஸ்பிரேயோ பினாயிலோ படக் கூடாது. பட்டால் கரப்பான் அந்தப் பக்கமே வராது. "ரெண்டையும் சேர்த்துப் பண்ணோம், ஒண்ணும் நடக்கல" என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

ஜெல் வச்சு ஒரு வாரம் ஆச்சு. இன்னும் ஓடுதுங்க. டூப்ளிகேட் மருந்தா?

பொறுங்கள். குளிரில் கரப்பான் மெதுவாகத்தான் தின்னும், அதனால் கீழே சில நாளில் தெரியும் பலன் இங்கே தாமதமாகும். தாய் சுமக்கும் முட்டை பிறகுதான் பொரியும். அந்தக் குஞ்சுகள் வெளியே வரும்போது அவற்றுக்கும் ஜெல் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, தின்று தீர்ந்த இடத்திலும் காய்ந்த இடத்திலும் புதுப் பொட்டு வையுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

ஒரு மாதமாகியும் ஜெல் தொடப்படாமல் அப்படியே இருந்தால் மூன்றில் ஒன்று காரணம். இடம் தவறு, அல்லது பக்கத்திலேயே அதைவிட ருசியான சாப்பாடு கிடக்கிறது, அல்லது அந்தக் கூட்டத்துக்கு அந்த இரை பிடிக்கவில்லை. இனிப்பான குளுக்கோஸைக் கண்டாலே ஒதுங்கும் ஜெர்மன் கரப்பான் கூட்டங்களை அமெரிக்காவில் 1993-லேயே கண்டறிந்தார்கள். அப்படிச் சந்தேகம் இருந்தால் வேறு நிறுவனத்தின் ஜெல்லுக்கு, வேறு மருந்துக்கு மாற்றிப் பாருங்கள்.

போரிக் பவுடரையும் சர்க்கரையையும் கலந்து உருண்டை வைக்கிறது பாட்டி காலத்து வழி. அது வேலை செய்யாதா?

செய்யும், ஆனால் மெதுவாக. நம் ஊரில் அதற்கு ஒரு எதிரி ஈரம். பனிமூட்ட மாதங்களில் போரிக் பவுடர் இறுகிக் கட்டியாகிவிடும், கட்டியைக் கரப்பான் தொடாது. காய்ந்த இடங்களில், அலமாரிக்குப் பின்னால் சுவரோரமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தூவினால்தான் காலில் ஒட்டி வாய்க்குப் போகும். குவித்து வைத்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். மாவில் உருட்டி வைத்த உருண்டையைக் குழந்தை இனிப்பென்று வாயில் போட வாய்ப்பு உண்டு. அதனால் குழந்தையும் நாயும் இல்லாத வீட்டில் மட்டும் வையுங்கள்.

நீலகிரித் தைலம் தெளிச்சா ஓடிடும்னு சொல்றாங்களே? பிரிஞ்சி இலை, கிராம்பு, பாச்சா உருண்டை?

நம் ஊர்த் தைலத்தின் மேல் எனக்கும் பிரியம் உண்டு, ஆனால் இதற்கு அது உதவாது. வாடை பலமாக இருக்கும் சிறிது நேரம் ஒதுங்கும். ஆவியானதும் திரும்பி வரும். ஒதுங்கும் நேரத்திலும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது என்பதால் ஸ்பிரே பற்றிச் சொன்ன அதே சிக்கல். இலையும் கிராம்பும் அதைவிடக் குறைவு. பாச்சா உருண்டையின் நாப்தலீன் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் மலை வீட்டில் பெரியவர்களுக்கும் தலைவலி வரும். வேண்டாம்.

குப்பையை வெளிய வச்சா கரடி வருது, உள்ள வச்சா கரப்பான் வருது. நாங்க என்னதான் பண்ண?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்காரர்களின் நியாயமான கேள்வி இது. இரவில் குப்பையை வெளியே வைக்கவே வைக்காதீர்கள். கரடியும் காட்டுப்பன்றியும் குப்பைக்குப் பழகினால் நமக்கும் ஆபத்து, அவற்றுக்கும் ஆபத்து. கரப்பானுக்குப் பயந்து கரடியைக் கூப்பிடக் கூடாது.

உள்ளே வைக்கும்போது மட்கும் குப்பையைத் தனியாக, இறுக்கமாக மூடும் வாளியில் போடுங்கள். மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்தால் போதாது, கிளிப் இருக்க வேண்டும். அடியில் செய்தித்தாள் விரித்தால் ஈரம் உறிஞ்சும், தினம் கழுவவும் சுலபம். மீன், கோழிக் கழிவை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்துக் காலையில் துப்புரவுப் பணியாளர் வரும்போது கொடுங்கள். முதலில் ஒரு மாதிரி இருக்கும். ஆனால் நாற்றமும் இல்லை, பூச்சியும் இல்லை, அதைத் தேடி விலங்கும் வராது. பால் பாக்கெட்டையும் எண்ணெய்க் கவரையும் அலசிக் காயவைத்த பிறகே உலர்குப்பையில் போடுங்கள்.

கட்டடத்துக்குப் பொதுத்தொட்டி இருந்தால் அது சிமெண்ட் தரையும், பூட்டுப் போடும் கம்பி வலைக் கதவும் கொண்ட சின்ன அறைக்குள் இருக்கட்டும். ஒருமுறை செலவு செய்தால் குரங்கு, கரடி, எலி, கரப்பான் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில்.

தண்ணி பல நாளைக்கு ஒருமுறைதான் வருது. டிரம்ல பிடிச்சு வைக்காம முடியாதே?

பிடித்து வையுங்கள், மூடி வையுங்கள். ஜெர்மன் கரப்பான் தண்ணீர் இருந்தால் சாப்பாடில்லாமல் ஒரு மாதத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். இரண்டும் இல்லையென்றால் இரண்டு வாரம் தாண்டுவது கஷ்டம். அதனால் சாப்பாட்டை மறைப்பதைவிடத் தண்ணீரை மறைப்பதில் அதிக அக்கறை காட்டுங்கள். படுக்கப் போகும் முன் சிங்கைத் துணியால் துடைத்து உலர வைப்பது, சொட்டும் குழாயின் வாஷரை மாற்றுவது, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டைக் கொட்டுவது, பிழிந்த ஸ்கிரப்பரைத் தொங்கவிடுவது இவ்வளவுதான் வேலை. மழை மாதங்களில் குழாய்களின் மேலேயே நீர் வியர்த்து நிற்கும். அங்கும் ஒரு துணி ஓட்டிவிடுங்கள்.

பாத்ரூம்ல பெரிய கரப்பான் மட்டும்தான் வருது. அதுக்கும் ஜெல்லா?

அதற்கு முதல் வேலை வழியை அடைப்பது. தரை ஜாலிக்கு அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும் வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும் தண்ணீர்தான் தடுப்பு. ஜாலியை மெல்லிய வலையாக மாற்றுங்கள். செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாய் முனையில் கம்பி வலை கட்டுங்கள். ஆள்குழி மூடியின் விரிசலைச் சிமெண்ட்டால் பூசுங்கள். குழாய் டக்டில் சங்கத்தின் செலவில் ஜெல் வைக்கலாம்.

தயவுசெய்து பூச்சிமருந்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இங்கே பல வீடுகளின் கழிவுநீர் கடைசியில் ஓடைக்குத்தான் போகிறது. பைரித்ராய்டு மருந்துகள் மீன்களுக்குக் கொடிய விஷம். ஆசிட்டும் பினாயிலும் அளவு மீறினால் செப்டிக் டேங்க்கில் கழிவை மட்க வைக்கும் நுண்ணுயிர்களும் செத்துவிடும்.

மேல் வீடு பூட்டியே கிடக்கு. ஓனர் சென்னையில. அங்கிருந்துதான் வருதா?

இருக்கலாம். சீசனுக்கு மட்டும் வரும் வீடுகள் மலையில் நிறைய. அங்கே இரண்டு விதமாகச் சிக்கல் வரும். மாதக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றாததால் தரை ஜாலியின் வளைவு வறண்டு, முந்தின பதிலில் சொன்ன தடுப்பு இல்லாமல் போகும். பெரிய கரப்பான் தாராளமாக ஏறி வரும். இன்னொன்று, விட்டுப்போன மாவு, பருப்பு, பிஸ்கட். அவை இருக்கும் வரை சின்னது அங்கேயே வாழும்.

ஓனரிடம் போனில் பேசி, சாவி வைத்திருக்கும் வாட்ச்மேனை மாதம் ஒருமுறை உள்ளே போகச் சொல்லுங்கள். ஜாலிகளில் ஒரு குவளை தண்ணீரும், அதன் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றினால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. ஃபிரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, கதவைத் திறந்து வைக்க வேண்டும். "உங்க வீட்டாலதான்" என்று தொடங்காமல் "உங்க வீடு கெடாம இருக்கட்டும்" என்று பேசினால் யாரும் மறுப்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் "எங்க வீட்ல இல்ல"ன்னு சொல்லிட்டார். மருந்தும் வைக்க விட மாட்டேங்கறார்.

வாக்குவாதத்தை விட்டு ஒட்டுப்பொறி அட்டை ஒன்றைக் கொடுங்கள். சிங்குக்குக் கீழேயும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் சுவரை ஒட்டிச் சில இரவு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்த பிறகு பேச்சு தானாக மாறும். முன்கூட்டியே எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் பொறி வைப்பது இன்னும் நல்லது. யாரையும் தனித்துச் சுட்டியதாக இருக்காது, எந்த வரிசையில் கூட்டம் அதிகம் என்பதும் தெரியும். சமையலறைக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும் வரிசையில்தான் பெரும்பாலும் திரண்டிருக்கும்.

அப்படியும் ஒருவர் மறுத்தால், அவர் வீட்டை ஒட்டிய மேல், கீழ், இருபக்க வீடுகளில் ஜெல் வைத்து, குழாய் ஓட்டைகளைப் பூசி அடையுங்கள். டக்ட் பொது இடம், அங்கே வேலை செய்யச் சங்கத்துக்கு அவர் அனுமதி தேவையில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் செலவுக்குப் பயந்து மறுப்பதும் உண்டு. அங்கே ஓனரோடு பேசுவதுதான் முறை.

கீழ பேக்கரி இருக்கு. அவங்க இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுதானே?

ஆகும். வர்க்கி அடுப்பின் சூடு, மாவு, சர்க்கரை எல்லாம் சேர்ந்த இடம் என்பதால் கஷ்டம் அதிகம், அவ்வளவுதான். கடைக்காரருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறது, பூச்சிக் கட்டுப்பாடு அதன் நிபந்தனைகளில் ஒன்று. நீங்கள் ஜெல் வைக்கும் அதே நாளில் அவரும் வைக்க ஒத்துழைக்கச் சொல்லுங்கள்.

பெஸ்ட் கண்ட்ரோல் ஆளைக் கூப்பிட்டா என்னென்ன கேட்கணும்?

1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். டப்பாவில் முக்கோண நிறக் குறி இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. வீட்டுக்குள் சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். டைக்குளோர்வாஸ் என்ற மருந்துக்கு இந்தியாவில் 2020 இறுதியோடு தடை வந்துவிட்டது. பழைய சரக்கை யாராவது எடுத்தால் திருப்பி அனுப்புங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் குடியிருக்கும் கட்டடத்தில் யாரும் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு பக்கத்து அறையில் தூங்குபவர்களையும் கொல்லும்.

"ஒரே தடவை அடிச்சா ஒரு வருஷம் வராது" என்பவரைவிட "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வந்து பார்க்கிறேன்" என்பவரை நம்புங்கள். காரணம் ஜெல் பற்றிய பதில்களில் இருக்கிறது. ஆள் கீழிருந்து மலையேறி வர வேண்டும் என்பதால் போக்குவரத்துச் செலவு சேரும். எல்லா வீடுகளும் ஒரே நாளில் சேர்ந்து கூப்பிட்டால் வீட்டுக்கு ஆகும் பணமும் குறையும், பூச்சி தப்பி ஓடும் இடமும் இருக்காது.

பையனுக்கு வீசிங் இருக்கு. கரப்பானால கூட வருமா? மருந்து வச்சா அதிகமாகுமா?

கரப்பானின் கழிவு, உரித்த தோல், எச்சில் இவற்றில் இருக்கும் புரதங்கள் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது உறுதியான விஷயம். ஜன்னல் சாத்திக் கிடக்கும் மாதங்களில் அந்தத் தூசி அறைக்குள்ளேயே சுற்றும். மூச்சுத் தொல்லை உள்ளவர் வீட்டில் ஸ்பிரேயும் புகை மருந்தும் வேண்டாம். இடுக்குக்குள் வைக்கும் ஜெல்லில் காற்றில் பரவும் வாடை இல்லை. கூட்டம் செத்த பிறகு அந்த அலமாரிகளை விளக்குமாறால் பெருக்காமல், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பூச்சி போன பிறகும் அந்தத் தூசி மாதக்கணக்கில் தங்கும், அதனால் இந்தத் துடைக்கும் வேலை முக்கியம். டாக்டரிடமும் வீட்டில் கரப்பான் இருந்ததைச் சொல்லுங்கள். அது அவருக்கு வேண்டிய தகவல்.

மூணு மாசம் எதுவும் இல்ல. நேத்து ஒண்ணே ஒண்ணு பார்த்தேன். மறுபடி ஆரம்பமா?

முதலில் எது என்று பாருங்கள். மழைக்கால இரவில் ஜன்னல் விளக்குக்கு வந்ததும், விறகுக் கட்டோடு வந்ததும் பெரும்பாலும் காட்டு வகைகள். வீட்டுக்குள் அவை பெருகாது. வெளியே விட்டுவிடுங்கள். பெரியது என்றால் ஜாலியைப் பாருங்கள். இரண்டு கோடு போட்ட சின்னது என்றால் அன்றிரவே சிங்குக்குக் கீழே, ஃபிரிட்ஜுக்குப் பின்னால், அடுப்புக்கு அருகே, கீசர் பக்கம் ஒட்டுப்பொறி வையுங்கள். வளர்ந்தது ஒன்று மட்டும் மாட்டினால் அண்மையில் வந்த பெட்டியில் வந்திருக்கலாம். குஞ்சுகள் மாட்டினால் உள்ளேயே பெருகுகிறது என்று அர்த்தம். பொறியில் எந்தப் பக்கம் அதிகம் மாட்டியதோ அங்கிருந்தே ஜெல்லைத் தொடங்கி, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பொறிகளை ஏப்ரல், மே முடியும் வரை எடுக்க வேண்டாம்.